இயர்பட்ஸ் பேட்டரியைத் தின்பது வெயில்தான், சார்ஜர் இல்லை

வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்காது, அஞ்சு மணி நேரம் பாடிய இயர்பட்ஸ் இப்போது ரெண்டு மணி நேரத்திலேயே பேட்டரி தீர்ந்தது என்று குரல் கொடுக்கும், அதிலும் ஒரு பக்கம் மட்டும் இன்னும் சீக்கிரமாக அணைந்துவிடும். சேலத்தில் இந்தப் புகார் இல்லாத இடமே இல்லை. அம்மாப்பேட்டை தறிக்கூடத்தில், ஐந்து ரோடு பக்கம் ஆபீஸ் போகிறவர்களிடம், கல்லூரிப் பையன்களிடம் எங்கே கேட்டாலும் அடுத்து வரும் கேள்விகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டதாலா? போனுக்குக் கொடுத்த பெரிய சார்ஜரில் செருகியதாலா? முழுசாகத் தீர்ந்த பிறகுதான் போடணுமா, பாதியிலேயே போடலாமா? இதற்கெல்லாம் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் அந்தச் சின்ன டப்பா, அதாவது கேஸ், பகல் முழுக்க எங்கே கிடந்தது? சேலம் மாதிரி ஊரில் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்த பேட்டரி எவ்வளவு சின்னது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கணக்கில் சொல்வார்கள், கையில் இருக்கிற போனில் அது 5000 அளவுக்கு இருக்கும். ஒரு பட்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 60 எம்ஏஎச்தான், கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. 2016இல் ஆப்பிள் கொண்டுவந்த முதல் ஏர்பாட்ஸில் ஒரு காதுக்கு வெறும் 93 மில்லிவாட் மணி மின்சாரம்தான் இருந்தது, எம்ஏஎச் கணக்கில் அது சுமார் 25. இவ்வளவு சின்ன பேட்டரியை நாம் தினமும் முழுசாகத் தீர்க்கிறோம், முழுசாக நிரப்புகிறோம். லித்தியம் அயான் பேட்டரிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் ஆயுள் 300 முதல் 500 சுற்று வரை, அதற்குள் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சுற்று என்றால் மொத்தமாக 100 சதவீதம் செலவானது. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றால் ரெண்டும் சேர்ந்து ஒரு சுற்று. அஞ்சு மணி நேரம் ஓடும் பட்ஸை ஒருவர் தினமும் அஞ்சு மணி நேரம் போடுகிறார் என்றால் நாளுக்கு ஒரு சுற்று, 500 சுற்று ஒரு வருஷமும் நாலு மாதச் சொச்சமும் வரும். தறி ஓட்டிக்கொண்டே பத்து மணி நேரம் காதில் போட்டிருப்பவருக்கு நாளுக்கு ரெண்டு சுற்று, எட்டு மாதத்திலேயே அந்த எண்ணிக்கை வந்துவிடும். எல்லாம் ஒழுங்காக இருந்தாலே இதுதான் கணக்கு. வெயில் சேர்ந்தால் இதைவிடக் குறையும்.

ஏன் குறைகிறது என்பதற்கு பேட்டரிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 1991இல் சோனி முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரியின் அடிப்படைதான் இன்றைக்கும் நம் காதில் இருப்பது. அதற்கு வழி போட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பக்கம் கோபால்ட் மாதிரியான உலோக ஆக்சைடு, இன்னொரு பக்கம் கிராஃபைட், நடுவில் எலக்ட்ரோலைட் என்ற திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போகின்றன, பாட்டு கேட்கும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகும், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிகிற மாதிரி. ஆரம்பத்தில் அது நல்லதுதான், அது இல்லாவிட்டால் எலக்ட்ரோலைட் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தப் படலம் அப்படியே நின்றுவிடுவதில்லை, மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது, தடிக்க தடிக்க ஓடியாட வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படி மாட்டிய லித்தியம் திரும்பி வராது. நமக்குக் குறைந்துபோகிற அந்த ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

இதை வேகப்படுத்துபவை ரெண்டு. ஒன்று, வெப்பம். இந்த மாதிரி வேதிவினைகள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இன்னொன்று, பேட்டரி முழுசாக நிரம்பியே இருப்பது. முழு சார்ஜில் செல்லின், அதாவது அந்தச் சின்ன பேட்டரியின், மின்னழுத்தம் 4.2 வோல்ட் அளவில் நிற்கும், சிலவற்றில் இன்னும் கொஞ்சம் மேலே. அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் பொருட்கள் நிலையாக இருப்பதில்லை, சும்மா வைத்திருந்தாலும் தேயும். ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பேட்டரிகளைப் பற்றி விளக்கும் பேட்டரி யுனிவர்சிட்டி என்ற இணையதளத்தின் அட்டவணை ஒன்றைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருஷம் சும்மா வைத்திருந்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி, சார்ஜ் 40 சதவீதம் என்றால் 85. 40 டிகிரி வெப்பம், முழு சார்ஜ் என்றால் 65தான். கவனியுங்கள், ஒரு பாட்டுகூடக் கேட்காமலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

40 டிகிரி என்பது நமக்கு ஆய்வுக்கூட எண் இல்லை. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றி மலைகள் நிற்க, நடுவில் கிடக்கும் சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40ஐத் தொடும் நாட்கள் உண்டு. அது காற்றின் வெப்பம். நம் கேஸ் கிடக்கும் இடத்தின் வெப்பம் வேறு. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெட்டவெளியில் நிறுத்திய ஸ்கூட்டியின் டிக்கி, பைக் டேங்க் மேல் மாட்டிய பை, கார் டேஷ்போர்டு, மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை, இவையெல்லாம் காற்றைவிட ரொம்ப சூடானவை. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சுலபமாக 50ஐத் தாண்டும், டேஷ்போர்டு 60ஐத் தாண்டும். ஆப்பிள் தன் ஏர்பாட்ஸுக்குக் கொடுத்திருக்கும் வரம்பு என்ன தெரியுமா? பயன்படுத்தும்போது 0 முதல் 35 டிகிரி, சும்மா வைத்திருக்கும்போது அதிகபட்சம் 45. பேட்டரியின் அடிப்படை ஒன்றுதான் என்பதால் மற்ற கம்பெனிகளின் பட்ஸையும் இதை வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அப்படியானால் கோடையில் நாம் காதில் போட்டு நடப்பதே வரம்புக்கு வெளியே, டிக்கியில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது அதற்கும் வெளியே.

வீட்டுக்குள்ளும் சில சூடான இடங்கள் இருக்கின்றன, கண்ணில் படாது. செட்டாப் பாக்ஸ் மேல், வைஃபை ரவுட்டர் மேல், ஃபிரிட்ஜ் மேல், மேற்கு பார்த்த ஜன்னல் கட்டை. நிறைய வீடுகளில் கேஸ் வைக்கும் வழக்கமான இடமே இதில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு அலமாரித் தட்டுக்கு மாற்றினால் போதும், செலவே இல்லாத வைத்தியம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. போனில் 80 சதவீதத்தோடு நிறுத்து என்று செட்டிங் வைக்கலாம், அல்லது நாமே பிடுங்கிவிடலாம். பட்ஸில் பெரும்பாலும் அது முடியாது. கேஸுக்குள் போட்டு மூடிய நொடியிலிருந்து கேஸ் தன் வேலையைத் தொடங்கும், பட்ஸை 100க்குக் கொண்டுபோகும், கொஞ்சம் இறங்கினால் மறுபடியும் ஏற்றும். ஆக, காதில் இல்லாத நேரமெல்லாம் அந்தச் சின்ன பேட்டரி முழுசாக நிரம்பித்தான் கிடக்கிறது. ஏர்பாட்ஸ் ப்ரோ மாதிரி சிலவற்றில் நம் பழக்கத்தைக் கவனித்து, 80க்கு மேல் ஏற்றுவதைத் தள்ளிப்போடும் வசதி உண்டு. உங்கள் பட்ஸின் ஆப்பில் அப்படி ஏதாவது இருந்தால் உடனே போட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு சதவீதம் நம் கையில் இல்லை, சூடு மட்டும்தான் கையில் இருக்கிறது. 20க்கும் 80க்கும் நடுவில் வைக்கச் சொல்லும் அறிவுரை போனுக்குப் பொருந்தும், பட்ஸுக்கு அதைக் கடைப்பிடிக்கவே வழியில்லை என்பதால்தான் நான் கேஸ் கிடக்கும் இடத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறேன்.

கேஸின் பேட்டரி மட்டும் கொஞ்சம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதில் 300 முதல் 500 எம்ஏஎச் வரை இருக்கும், பட்ஸ் ரெண்டையும் மூணு நாலு தடவை நிரப்பும். அதனால் கேஸை தினமும் சார்ஜில் போட வேண்டிய அவசியமே இல்லை. விளக்கு சிவப்பாகும்போதோ ஒரு புள்ளி மிஞ்சும்போதோ போட்டு, முக்கால்வாசி ஏறியதும் எடுத்துவிட்டால் நல்லது. மாதத்துக்கு ஒரு தடவை பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும் என்பதால் முந்தின ராத்திரியே வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் 100க்கு ஏற்றி வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போனுக்கு அது சரி. பட்ஸ் கேஸ் பாதி இருந்தாலே அந்த ஒரு நாள் தாராளமாக ஓடிவிடும்.

சரி, அந்த வழக்கமான கேள்விகளுக்கு வருவோம்.

ராத்திரி முழுக்க செருகி வைத்தால் அளவுக்கு மீறி ஏறி வெடித்துவிடாது. உள்ளே இருக்கும் சார்ஜிங் சிப், மின்னோட்டம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் வெட்டிவிடும். ஆனால் அதற்கப்புறமும் விடியும்வரை முழு சார்ஜிலேயே, தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ சூடு வெளியேற வழியில்லாமல் கிடப்பது நல்லதில்லை. கேஸ் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடுகிற பொருள், எட்டு மணி நேரம் அதற்கு எதற்கு? சாயங்காலம் வந்து, காபி குடித்து, கொஞ்சம் வெக்கை தணிந்த பிறகு போட்டு, தூங்கப் போகும்முன் எடுத்துவிடலாம்.

பெரிய சார்ஜரும் ஆபத்தில்லை. 65 வாட் சார்ஜராக இருந்தாலும் கேஸ் கேட்பதைத்தான் அது கொடுக்கும், கேஸ் கேட்பது 5 வோல்ட்டில் சில வாட்தான். இதில் வேறொரு குழப்பம் உண்டு, நிறையப் பேர் கேஸ் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடுவது இதனால்தான்: ரெண்டு பக்கமும் டைப் சி முனை உள்ள புது கேபிளில் சில விலை குறைந்த கேஸ்கள் சார்ஜே ஏறாது. காரணம், டைப் சி சாக்கெட்டில் இருக்க வேண்டிய ரெண்டு சின்ன ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருப்பார். அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் எதிரில் ஒரு கருவி இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது, மின்சாரத்தையே விடாது. பழைய அகலமான யூஎஸ்பி முனை கொண்ட கேபிளில் போட்டுப் பாருங்கள், ஏறும்.

முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது தேவையில்லை, சொல்லப்போனால் அடிக்கடி பூஜ்யம்வரை இறக்குவதுதான் கெடுதல். புதுசாக வாங்கியதும் எட்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்வதும் அதே காலத்துப் பேச்சுதான்.

வயர்லெஸ் சார்ஜிங் பற்றி என் கருத்து, சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம் என்பதே. அதில் போகிற மின்சாரத்தில் ஒரு பகுதி சூடாகத்தான் வீணாகிறது, அந்தச் சூடு நேராக கேஸின் அடிப்பக்கத்தில் ஏறுகிறது. கேபிள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வெயிலில் இருந்து வந்த உடனே சார்ஜில் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். ஜப்பானிய மின்னணுத் துறை வகுத்த ஜெய்டா வழிகாட்டுதல்படி லித்தியம் செல்லை சாதாரண வேகத்தில் சார்ஜ் செய்ய ஏற்ற வெப்பம் 10 முதல் 45 டிகிரி, அதற்கு மேலே போனால் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்திவிட வேண்டும். நல்ல கேஸ்களில் வெப்பத்தை உணரும் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும், சூடு ஆறும்வரை அது சார்ஜை ஏற்காது. டிக்கியில் இருந்து எடுத்த கேஸ் சார்ஜ் ஏற மறுத்தால் அது பழுது இல்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. மலிவானவற்றில் பல சமயம் அந்த உணரி இருக்காது, சூட்டோடு சூடாக ஏற்றிக்கொண்டே போகும். அதனால் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு அப்புறம் செருகுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜுக்குள் மட்டும் வைக்க வேண்டாம், வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

நீர் என்றதும் ஏற்காடு வருகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அடிவாரத்தில் ஆரம்பித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்று பத்து டிகிரிபோலக் குளிர்ந்துவிடும். பேட்டரியின் ஆயுளுக்கு அந்தக் குளிர் நல்லதே. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அது பூஜ்யத்தை ஒட்டிய குளிருக்கு. ஏற்காட்டின் மார்கழிக் குளிர்கூட அந்த அளவுக்குப் போகாது, அதிலும் காதில் இருக்கும் பட்ஸுக்கு உடம்புச் சூடு இருந்துகொண்டே இருக்கும். மேலே போனதும் போன் சீக்கிரம் தீர்கிறது என்றால் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் அது டவரைத் தேடிக்கொண்டிருப்பதால். பட்ஸுக்கும் டவருக்கும் சம்பந்தமில்லை.

மலையில் கவனிக்க வேண்டியது ஈரம். காப்பித் தோட்டங்களுக்குள் சாயங்காலம் இறங்கும் மூடுபனியில் அரை மணி நேரம் நடந்தால் சட்டையே நனைந்துவிடும், பட்ஸ் மேலும் அதே ஈரம் படியும். பெட்டியில் ஐபிஎக்ஸ் 4 என்றோ 5 என்றோ போட்டிருக்கும் நீர்க் காப்பு அளவு பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும், கேஸுக்கு அந்தக் காப்பு இல்லாத மாடல்கள் நிறைய. ஈரத்தோடு பட்ஸை உள்ளே போட்டு மூடினால், சார்ஜ் ஏற்றும் அந்தத் தங்க நிறப் பின்கள் மேல் ஈரமும் மின்சாரமும் ஒரே நேரத்தில் இருக்கும், உலோகம் அரித்துப் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறுவதற்கு அது போதும். தறிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு மலை ஏறாமலே இதே கதைதான், அங்கே பனிக்குப் பதில் வியர்வை. வியர்வையில் உப்பு இருப்பதால் இன்னும் வேகமாக அரிக்கும், பஞ்சுத் தூசி வேறு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பருத்தித் துணியால் பட்ஸைத் துடைத்து, ரெண்டு நிமிடம் வெளியே உலரவிட்டு அப்புறம் உள்ளே வையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் அணைவதற்கும் பாதிக் காரணம் இந்தப் பின்கள்தான். ஒரு பக்கத்துப் பின்னில் அழுக்கு படிந்தால் அந்த பட்ஸ் கேஸுக்குள் போனதாகவே உணராது, மூடிய கேஸுக்குள்ளேயே போனோடு இணைந்தபடி ராத்திரி முழுக்கத் தீர்ந்துகொண்டிருக்கும். காலையில் ஒன்று 100, இன்னொன்று 10 என்று காட்டினால் பேட்டரியைத் திட்டுமுன் பின்னைப் பாருங்கள். காய்ந்த காது குடையும் பஞ்சால் துடைத்தால் போதும், பிடிவாதமான அழுக்கு என்றால் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். இன்னொரு காரணம், போன் பேசும்போது பல மாடல்களில் ஒரு பக்க மைக்தான் அதிகம் வேலை செய்யும். ஒரு காதில் மட்டும் போட்டுப் பேசுகிறவர்கள் எப்போதும் அதே காதைப் பயன்படுத்தினால் அந்தப் பக்கத்து பேட்டரி சுற்றுகள் ரெண்டு மடங்காகிவிடும். மாற்றி மாற்றிப் போடுங்கள்.

வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஏஎன்சி, கேம் மோட், எல்டேக் மாதிரி அதிக டேட்டா அனுப்பும் கோடெக் (போனிலிருந்து பட்ஸுக்குப் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) எல்லாமே மணி நேரத்தைக் குறைக்கும், தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடலாம். வேகமாகத் தீர்ந்தால் சுற்றும் வேகமாகக் கூடும் என்பதுதான் இங்கே கணக்கு. காதுக்குச் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனையைப் போட்டால் வெளிச்சத்தம் தானாகவே குறைந்து, வால்யூமையும் குறைத்து வைக்க முடியும். வண்டி ஓட்டும்போது மட்டும் காதில் போடவே போடாதீர்கள், ஏற்காடு ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டாக வேண்டும்.

தேர்வு, விரதம், வேறு ஏதோ காரணத்துக்காக ரெண்டு மூணு மாதம் எடுத்துவைக்கிறீர்கள் என்றால் கேஸைப் பாதி சார்ஜில் விட்டு வையுங்கள், நடுவில் ஒரு தடவை பார்த்துக் கொஞ்சம் ஏற்றுங்கள். பூஜ்யத்தில் கிடந்தால் செல் தானாக இன்னும் கீழே இறங்கும், ஒரு எல்லைக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் மறுபடி சார்ஜையே ஏற்காது.

நாள் முழுக்கக் காதில் வேண்டும் என்கிறவர்களுக்கு என் யோசனை, கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட். அதில் பேட்டரி பெரியது, ஒரு சார்ஜில் இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும், நாளுக்கு ரெண்டு சுற்று என்பது ரெண்டு நாளைக்கு ஒரு சுற்றாகிவிடும். பட்ஸின் அழகு அதில் இல்லைதான், ஆனால் எட்டு மாதத்துக்கு ஒரு தடவை காசு போட வேண்டியிருக்காது.

பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டால், இப்போதைக்குப் பெரும்பாலும் முடியாது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், "இதைப் பிரிச்சா மறுபடி ஒட்டாதுங்கண்ணா" என்பார்கள், அது உண்மைதான், பசை போட்டு மூடிய கூடு அது. முடியாத காரியம் என்று இல்லை, 2024இல் ஃபேர்போன் கம்பெனி வெளியிட்ட ஃபேர்பட்ஸில் பட்ஸ், கேஸ் ரெண்டிலும் பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் வருஷத்து பேட்டரி சட்டம், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்குகிறது, சில விலக்குகளோடு. அப்படி ஒரு விதி நமக்கும் வர வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன். வெறும் 40 எம்ஏஎச் பேட்டரி தேய்ந்ததற்காக நன்றாகப் பாடும் ஸ்பீக்கர், மைக், சிப் எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பையில் போடுவதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாங்கும்போது பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், லித்தியம் செல்களுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 16046. ஒரு பக்கம் மட்டும் போய்விட்டால் தனி பட்ஸ் தருகிற கம்பெனிகளும் உண்டு, வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. கேஸ் மூடி சரியாகப் பொருந்தாமல் மேலே தூக்கினாலோ, பட்ஸின் இணைப்பு விரிந்தாலோ உள்ளே செல் உப்பியிருக்கலாம். அதை அழுத்தவோ குத்தவோ மறுபடி சார்ஜில் போடவோ கூடாது. வீட்டுக் குப்பையோடும் சேர்க்க வேண்டாம், குப்பை வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் வருஷத்து பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன, அதனால் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். அதுவரை எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல், வெயில் படாத இடத்தில் ஒரு மண்சட்டிக்குள் போட்டு வைக்கலாம்.